பசிக்கிறது, சாப்பிடுகிறேன்!

சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லிச் சொல்லி, வீட்டில் “ஆரம்பிச்சிட்டா” என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, இப்போது எழுதியும் வைத்துவிடுகிறேன். நான் டயட்டை விட்டுவிட்டேன். விட்டபிறகு சாப்பாடு என்பது இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று தினமும் மூன்று வேளையும் அசந்துபோய்க்கொண்டிருக்கிறேன்!

டயட் உலகத்தில் நான் சாதாரண ஆள் இல்லை. திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த அத்தனை டயட்டும் எங்கள் அடுப்படி வழியாகத்தான் போயிருக்கிறது. காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், கொள்ளுக் கஞ்சி, முட்டைக்கோஸ் சூப் குடிக்கிற ஜி.எம். டயட், சோற்றை எதிரியாக்கிய பேலியோ, அதன் ஒன்றுவிட்ட தம்பி கீட்டோ, பதினாறு மணி நேரம் வாயைக் கட்டி மிச்ச எட்டு மணி நேரத்தில் சாப்பிடுகிற முறை. ஒவ்வொன்றிலும் எடை இறங்கியது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஏறியது. “ஏட்டி, சோறு திங்காம என்னட்டி உடம்பு?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கலோரி பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். வகுப்பு முடிந்து அவள் தூங்கப் போனதும் சம்படத்தைத் திறந்து அதிரசம் எடுத்ததும் நானேதான்.

இது மன உறுதி இல்லாததால் வருகிற வினை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லவே இல்லை என்று காட்டிய ஓர் ஆராய்ச்சி 1944லேயே தொடங்கிவிட்டது! அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்தியது. போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பட்டினி கிடந்தார்கள். போரினால் பஞ்சத்தில் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று கண்டறியத்தான் அந்தச் சோதனை. ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், மக்ரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று.

அவர்கள் மனசுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம். நல்ல திடமான மனிதர்கள், கொள்கைக்காக எதையும் தாங்கக்கூடியவர்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். கொஞ்ச உணவில் தண்ணீர் விட்டுப் பெருக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான். கட்டுப்பாடு விலகிய பிறகு சிலர் ஒரே நாளில் ஐயாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டும் பசி அடங்காமல் தவித்தார்கள். அந்தப் பட்டினிக் காலத்தில் அவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி! நம்மிடம் சுற்றுகிற எத்தனையோ டயட் அட்டவணைகளில் 1,200தான் இருக்கிறது. அவர்கள் ஓயாமல் நடந்த இளைஞர்கள், நம் தேவை வேறு என்பது சரிதான். ஆனாலும் யூடியூபில் நடுராத்திரி பரோட்டா வீச்சு வீடியோ பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்கு, சமையல் புத்தகம் படித்த அந்த 36 பேரும் சொந்த அண்ணன் தம்பிகளாகத் தெரிந்தார்கள்.

உடம்புக்கு டயட்டும் பஞ்சமும் ஒன்றுதான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, ‘இருப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று கொழுப்புச் செல்கள் மூளைக்கு அனுப்புகிற லெப்டின் இறங்குகிறது. மெல்பர்னில் பிரியா சுமித்திரனும் அவர் குழுவினரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில், கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி என்பது ஆற்றுத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த தேங்காய். கை சோர்ந்த கணமே மேலே எகிறும், அமுக்கிய ஆழத்துக்குத் தக்க எகிறும்.

இதையெல்லாம் எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது ‘இன்ட்யூட்டிவ் ஈட்டிங்’ என்ற புத்தகம். ஈவ்லின் ட்ரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு உணவியல் நிபுணர்கள் எழுதி 1995ல் வெளியானது. நோயாளிகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள், அந்த அட்டவணைகள் நிற்பதில்லை என்று கண்டு வேறு வழி தேடினார்கள். அவர்கள் சொல்லும் கொள்கைகள் பத்து. டயட் மனப்பான்மையைத் தூக்கிப் போடு என்பது முதலாவது. பசியை மதி, எல்லா உணவோடும் சமாதானமாகு, சாப்பாட்டில் திருப்தியைத் தேடு, வயிறு நிறைவதைக் கவனி என்று போகும். சத்து பற்றிய பேச்சு பத்தாவதாகத்தான் வருகிறது. வரிசையைப் பார்த்ததும் கைதட்டினேன்! நாமெல்லாம் சத்தில் ஆரம்பித்து, அங்கேயே சண்டை போட்டு, மற்ற ஒன்பதுக்கும் போகாமலே முடிந்துவிடுகிறோமே!

முதலில் பசி. எனக்கு மணி தெரியும், கலோரி தெரியும், பசி தெரியாது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனசுக்குள் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பூஜ்யம் என்றால் கண் இருட்டுகிற பசி, பத்து என்றால் மூச்சு முட்டுகிற நிறைவு. மூன்று நான்கில் உட்கார்ந்து ஆறு ஏழில் எழுந்தால் சுகம். கவனிக்கக் கவனிக்க என் வயிறு எவ்வளவு பேசுகிறது என்று தெரிந்தது. லேசாகக் கிள்ளும். கபகபவென்று எரியும். அதையும் தாண்டினால் தலை கிறுகிறுக்கும், பிள்ளைகள் மேல் எரிச்சல் வரும். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் இத்தனை காலம் பசி என்று நினைத்திருக்கிறேன்! அந்த நிலையில் இலை முன் உட்கார்கிற எவருக்கும் நிதானம் வராது. கிள்ளும்போதே சாப்பிட உட்கார்ந்தால் கை தானாகவே மெதுவாகப் போகிறது.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் பள்ளியில் மனப்பாடப் பகுதி. முன்பு உண்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசிக்கட்டும், பிறகு அளவறிந்து உண் என்கிறார் வள்ளுவர். இத்தனை மணிக்குச் சாப்பிடு, இத்தனை கிராம் சாப்பிடு என்று எங்கேயாவது சொல்கிறாரா? அளக்கிற பொறுப்பைச் சாப்பிடுகிறவரிடமே விட்டுவிட்டார். மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்தப் பத்துக் குறளும் இப்போது எனக்குப் புத்தம் புதுசு.

அடுத்தது எனக்கு உயிர்நாடியான விஷயம், அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வாக் கடையில் சாயங்காலம் கூட்டம் நெருக்கியடிக்கிற ஊரில் இருந்துகொண்டு அல்வா கூடாது என்று விதி வைத்தால் அந்த விதி எத்தனை நாள் நிற்கும்? கூடாது என்று வைத்திருந்த காலத்தில், விதி உடைகிற அன்றைக்குக் கால் கிலோப் பொட்டலம் அப்படியே காலியாகும். ‘எப்படியும் கெட்டுப்போச்சு, நாளையிலிருந்து பார்ப்போம்’ என்ற நினைப்பு. இதைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள்! 1975ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். டயட் மனப்பான்மை இல்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ மில்க்ஷேக் குடித்தபிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்த பிறகு அவர்களுக்கு வேலியே இல்லை.

ஆகவே வேலியை நானே எடுத்துவிட்டேன். அல்வா வாங்கி வீட்டில் வைத்தேன். எப்போது வேண்டுமானாலும், யாருக்கும் பதில் சொல்லாமல் சாப்பிடலாம். முதலில் கொண்டாட்டமாகத்தான் போயிற்று, மறைக்கவில்லை. அப்புறம் ஓர் அதிசயம். இலைக் கீற்றில் சுடச்சுட ஒரு துண்டு. சம்பா கோதுமைப் பாலின் அந்த வழுக்கல், விரலில் நெய், தொண்டையில் இறங்குகிற இனிப்பு. முதல் வாய் சொர்க்கம். இரண்டாவது சொர்க்கத்தின் வாசல். நான்காவது வாயில் வெறும் இனிப்பு! அதற்குமேல் நாக்குக்கே விருப்பமில்லை. மிச்சத்தை மூடி வைத்தேன். மறுநாள் அந்த நினைப்பே வரவில்லை, நெய் உறைந்து கிடந்ததைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. அல்வாவை மறந்த திருநெல்வேலிக்காரி! எங்கள் மைனி இன்னும் நம்பவில்லை.

ஒரே ருசி தொடர்ந்தால் இன்பம் குறைந்துகொண்டே போகும், வேறு ருசி வந்தால் மறுபடி ஆசை எழும் என்பதை பார்பரா ரோல்ஸ் போன்றவர்கள் 1980களிலேயே விளக்கிவிட்டார்கள். வயிறு நிறைந்தபிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பதன் ரகசியம் அதுதான். இது தெரிந்தபிறகு எங்கள் ஊர் மறுவீட்டுச் சாப்பாட்டை நான் ரசிக்கிற விதமே மாறிவிட்டது. தேங்காய்ப்பாலில் வெந்த சொதி, பக்கத்தில் சுரீரென்று இஞ்சிப் பச்சடி, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு சிப்ஸ். ஒன்று நாக்கை மூடும், மற்றது திறக்கும். முன்பெல்லாம் சொதியில் எத்தனை தேங்காய் என்று எண்ணிக்கொண்டு சாப்பிடுவேன், வீட்டுக்கு வந்தும் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும். இப்போது ருசித்துச் சாப்பிட்டு எழுகிறேன், ராத்திரி அடுப்படிப் பக்கம் கால் போவதே இல்லை.

நிறுத்துவது எப்படி என்று கேட்கிறீர்களா? சாம்பார் சோறு முடிந்து ரசத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். வயிற்றின் செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம்போல ஆகும் என்கிறார்கள், அவசரப்பட்டால் செய்தி வருவதற்குள் தட்டு காலி. போனைத் தூரமாக வையுங்கள். பாதியில் நிறைந்துவிட்டதா, எழுந்துவிடுங்கள். பசித்தால் மறுபடி சாப்பிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. இந்த நிம்மதிதான் எழுந்திருக்கத் தைரியம் தருகிறது. கடினமானது விருந்தோம்பல்தான். “நல்லாவே சாப்பிடல” என்று கரண்டியோடு நிற்கிற அத்தையிடம் கலோரி பேசாதீர்கள், ஜெயிக்க முடியாது. “அத்தை, ரசம் பிரமாதம், வயிறு நிறைஞ்சு போச்சு” என்று சொல்லி இலையை மடித்துவிடுங்கள். பாராட்டும் போய்ச் சேர்ந்தது, பரிமாறலும் நின்றது!

குழந்தைகளைப் பாருங்கள். 1920களின் பிற்பகுதியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பால்குடி மறந்த பதினைந்து குழந்தைகளை அவரவர் இஷ்டத்துக்குச் சாப்பிட விட்டார். 34 வகை எளிய உணவுகளைப் பட்டியல் போட்டு, அவற்றிலிருந்து தட்டுகளை முன்னால் வைத்தார்கள். செவிலியர் ஊட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, குழந்தை கைநீட்டியதை மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டது, எல்லாம் நன்றாக வளர்ந்தன. வைத்த உணவுகள் எல்லாமே சர்க்கரை சேர்க்காத நல்ல உணவுகள், சூட்சுமம் அதில்தான் என்று டேவிஸே சொன்னார். எது சமைப்பது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் வயிறு. நிலாவைக் காட்டி “இன்னும் ஒரு வாய்” ஊட்டுகிற வேலையை எங்கள் வீட்டில் நிறுத்தியாகிவிட்டது. சின்னவன் இப்போது தானே தட்டை எடுத்துக்கொண்டு வருகிறான்!

ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிட்டால் தினமும் பரோட்டா சால்னாதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். தடை போனபிறகு உடம்பு கேட்கிற பட்டியலைக் கேளுங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வெயிலில் நீச்சத்தண்ணியும் சின்ன வெங்காயமும். ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்தால் முருங்கைக்கீரைக்கு அப்படி ஓர் ஏக்கம்! பரோட்டாவும் வருகிறது, வரட்டும். மாலை ஆபீஸ் கோபத்தில் முறுக்கு டப்பாவைத் தேடும்போது இப்போது ஒரு கேள்வி தானாக எழுகிறது. பசியா, கோபமா? கோபம் என்றால் அக்காவுக்குப் போன் போட்டுக் கொட்டிவிடுகிறேன். முறுக்கு வேண்டும் என்றால் அதையும் உட்கார்ந்து, கடித்து, சத்தத்தோடு ரசிக்கிறேன்.

எடை? எடை பார்க்கிற மெஷின் பரணில் கிடக்கிறது. இது எடை குறைக்கும் வித்தை இல்லை, அப்படி விற்கிறவர்களை நம்பாதீர்கள். சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், சிலருக்கு அப்படியே நிற்கும். இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பைப் பற்றிய வெறுப்பும், அடக்க முடியாமல் அள்ளித் தின்பதும் குறைவாக இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அது போதாதா! ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். மருந்து போட்டுக்கொண்டு பசிக்காகக் காத்திருப்பது ஆபத்து. சாப்பாடே பெரிய நோயாகிவிட்டவர்களுக்கும் தேர்ந்த உதவி முதலில் வேண்டும்.

மற்றவர்கள் எல்லோரும் வாருங்கள்! திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், தை ஒன்றுக்குத் தள்ளிப்போடாதீர்கள். டயட்டுக்குத்தான் நல்ல நாள் பார்க்க வேண்டும், பசி தினமும் வரும். இன்று ராத்திரி வயிறு கிள்ளும்போது என்ன வேண்டும் என்று அதனிடமே கேளுங்கள். குழிப்பணியாரம் என்றால் கல்லை அடுப்பில் ஏற்றுங்கள். ரசஞ்சோறு என்றால் அப்பளத்தையும் பொரியுங்கள். சூடாக, உட்கார்ந்து, கணக்கு இல்லாமல் சாப்பிடுங்கள். எப்படி இருந்தது என்று நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள். நான் சொன்னேனா இல்லையா என்று துள்ளிக் குதிக்க இப்போதே தயாராக இருக்கிறேன்!