பாதி படித்த நாவல்

முடித்துவிட்டுச் சொல்பவரைவிட, நாவலின் நடுவே இருப்பவர் சொல்வதையே நான் அதிகம் நம்புவேன். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். மனசு சிக்கிக்கொண்ட இடத்தைச் சொல்வார்.

நாட்றம்பள்ளியில் வாணியம்பாடி பஸ்ஸுக்கு நிற்கையில், டி. செல்வராஜின் 'தோல்' எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. "இன்னும் பாதிகூட தாண்டலண்ணா. ஆனா இந்த சுண்ணாம்புக் குழி வருது பாருங்க, நம்ம பக்கத்துக் கதை மாதிரியே இருக்கு" என்றார், ஷூ கம்பெனிக்குப் போகும் தம்பி. பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்த பக்கத்தை விரித்தும் காட்டினார். ஓரத்தில் பேனாக் கோடு, அதன் மேல் எண்ணெய் விரல் தடம். எந்த மதிப்புரையும் அந்தத் தடத்துக்கு ஈடாகாது.

கதை நடப்பது திண்டுக்கல் தோல் ஷாப்புகளில். 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். ஆனால் அந்தத் தோல் வாடையைப் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதிலுக்கு நான் பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யைச் சொன்னேன். நிலத்தை இழந்த தலித் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். அதன் பேச்சு நம் தெருப் பேச்சு. எந்த அத்தியாயத்தில் தூக்கம் போகும் என்று மட்டும் சொன்னேன். முடிவைக் கேட்டார், சொல்லவில்லை.