செம்பரம்பாக்கத்துக் கரை

பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறவர்கள் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கண் கரைமேல். வட ஐரோப்பாவின் லாப்லாந்தில் உள்ள ஏரிகளுக்குப் பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளம் தந்தன. இங்கே அப்படி எந்த உதவியும் கிடையாது. கண்ணுக்கே பிடிபடாத ஒரு நிலச்சாய்வு, அதன் தாழ்ந்த பக்கத்தில் வளைத்துப் போட்ட கரை, அவ்வளவுதான். நிறைந்தால் 24 அடித் தண்ணீர் நிற்கிறது. எந்த வாட்டத்தில் மழைநீர் ஓடிவரும் என்று பார்த்துப் பார்த்து, கூடை கூடையாக மண் கொட்டிய கைகளின் பொறுமையை என்னென்பது!

உட்பக்கம் பாவிய கற்களின் அருகே கொஞ்சம் நில்லுங்கள். காற்று கிளம்பினால் சிற்றலை கல் இடுக்கில் புகுந்து ‘களக்’ என்று சத்தம் போட்டுத் திரும்பும். ஒவ்வோர் இடுக்குக்கும் ஒரு குரல். நீர் இறங்க இறங்கக் கற்களில் வெளிறிய கோடுகள் விழும். மேல்வரிசைக் கல் வெயிலில் சுடும்போதே நீர் தொடும் கல் பாசியேறி வழுக்கும். வெளிச்சரிவிலோ புல்லும் மேயும் ஆடுகளும்தான். ஐப்பசி மழை வலுத்தால் மதகின் ஷட்டரைத் தூக்குவார்கள். அதுவரை அடங்கிக் கிடந்த நீர் நுரைத்துக்கொண்டு அடையாற்றுக்குப் பாயும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.