ஸ்பேனரும் லேத்தும்

பனமலை ஏரிக்கரையில் பழைய மாருதி 800 ஒன்றின் டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்வதைப் பார்த்து நிற்பது எனக்குப் பிடித்த காட்சி. பீலர் கேஜின் மெல்லிய தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்து மெதுவாக இழுக்கிறார்கள். லேசாகப் பிடிக்க வேண்டும், சிக்கக் கூடாது. அந்தப் பிடிமானம் விரலுக்குத்தான் தெரியும். லாக் நட்டை முறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும். அதனால் மறுபடி அளக்கிறார்கள்.

இந்த வேலையைச் சொந்தக்காரரே செய்யலாம். பிளக், ஏர் பில்டர், ஆயிலும் அப்படியே. ஆனால் சிலிண்டர் தேய்ந்துவிட்டால் ஆசையை அடக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவதே நல்லது. அளவு பிசகினால் கம்ப்ரஷன் கசியும். உட்சுவரைக் கடைந்து (போர் செய்து) ஹோனிங் போட்ட சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். ஆயில் தங்குவதற்கென்றே போட்டவை அவை. எவ்வளவு அழகு!

கோவை கரிவரதன் இதே 800 எஞ்சினை வைத்துத்தான் பார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 2005-இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அதில் ஓட்டியவர். ஆனால் பந்தயக் காரின் வேகம் பந்தயத் திடலுக்கு உரியது. சாலைக் காரில் கம்பெனி தந்த அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை போடுகிறது. எனவே கூடுதல் குதிரைத்திறனைத் தேடாமல், எஞ்சினுக்கு இருந்த பழைய பலத்தை மீட்கவே நான் செலவழிப்பேன்.