மரப் பேனாவை எங்கே தொட்டுப் பார்ப்பது?

மரத்தில் கடைந்த பேனாவைப் பரிசாகக் கொடுத்தால், வாங்குகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அழகா இருக்கே, ஷோகேஸ்ல வெச்சிடறேன்." எரிச்சலாக வருகிறது. அது எழுதுகிற சாமான், ஐயா! கொலு பொம்மை இல்லை.

செய்முறையில் பெரிய ரகசியம் கிடையாது. முக்கால் அங்குல மரத்துண்டில் நடுவே துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் ஏற்றி உளியால் கடைந்து, உப்புத்தாள் போட்டு, முனையையும் கிளிப்பையும் அழுத்திப் பொருத்தினால் பேனா. ஒல்லிப் பேனாவுக்கு 7 மி.மீ. குழாய். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடறினால் அவசர வேலை. அடிப்படை இவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் மேல்பூச்சு. பரிசுக் கடையில் பளபளவென்று மின்னும் மரப் பேனாக்கள் பலவற்றில் பூசியிருப்பது சூப்பர் க்ளூ! சுழலும் மரத்தின் மேல் அதைத் துணியால் அடுக்கடுக்காகத் தடவி, 12,000 எண் வரை போகும் நைஸ் தாளால் தேய்த்து மினுக்குவார்கள். லேசில் கீறல் விழாது, வியர்வை ஏறாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரல் படுவது பிளாஸ்டிக்கில். மரம் அதற்கு உள்ளே எங்கோ கிடக்கிறது.

அரக்கு வேறு ரகம். சன்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்கள் அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்துவார்கள். உரசும் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் மெருகு. பேனாவுக்கு அரக்கும் மெழுகும் கலந்த பாலிஷைத் துணியில் தொட்டு, அதே உரசல் சூட்டில் ஏற்றுகிறார்கள். படலம் மெல்லிசு. மரத்தின் ரேகை விரலுக்குத் தட்டும். ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள்: க்ளூ போட்டதில் விளக்கு கூரான கோடாகத் தெரியும், இதில் ஓரம் கலைந்து தெரியும். அந்தக் கலைசலைத்தான் தேட வேண்டும்.

சில மாதத்தில் மினுக்கம் போய்விடும் என்று குறை சொல்கிற பண்டிதர்கள் உண்டு. போகட்டுமே! பிடிக்கிற இடத்தில் எண்ணெயும் வியர்வையும் ஏறி மரம் கறுக்கும். பலா புதிதில் மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். க்ளூவுக்குள்ளும் நிறம் மாறத்தான் செய்யும், ஆனால் அதில் உங்கள் கைக்குப் பங்கில்லை.

கருங்காலி மோகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாலை போட்டவர்கள் இப்போது பேனாவும் கேட்கிறார்கள். சாயம் ஏற்றிய கட்டையைக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். லேசர் எழுத்து அதைவிட மோசம்: நல்ல ரேகைக்குக் குறுக்கே 'ஹேப்பி ரிடையர்மென்ட்'!

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். வாங்கும்முன் உள்ளே என்ன ரீஃபில் என்று கேளுங்கள். ஒல்லிப் பேனாக்கள் பெரும்பாலும் கிராஸ் வகை கேட்கும். சின்ன ஊர் ஸ்டேஷனரிக் கடையில் அதைத் தேடி அலைய வேண்டும். பார்க்கர் வகை போகிற பேனாவாகப் பார்த்து வாங்கி, கூடவே இரண்டு ரீஃபிலும் வைத்துக் கொடுங்கள். வெல்வெட் பெட்டிக்கு அழுகிற காசில் அது வந்துவிடும்.