ஒரு நூலுக்கு எத்தனை வாசல்?

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்களில் ‘அரக்கு’ என்றால் ஒரு நிறம். ‘மயில் கழுத்து’ என்றால் வேறொரு நிறம். அச்சொல்லால் சாயமிடுபவர் ஒன்றையும் நெய்பவர் மற்றொன்றையும் கருதினால் சேலை பாழாகும். இத்தகைய சொல்லுடன்பாடு நூலகத்திற்கும் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு என வரையறுத்து வைக்கும் சொற்பட்டியே நூலைத் தேடுவோருக்குத் துணை. நம் இஸ்லாமியத் தமிழ் நூல்களைப் பட்டியலிடுவோர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே நம் குறை.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தேடுபவர் எவ்வெழுத்தில் தேடுவார்? ‘கு’விலா, ‘ம’விலா? அவருடைய இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பதை அறிந்தவர் ‘சு’வில் தேடக்கூடும். சாகிபு, சாஹிப், சாயபு; முகம்மது, முஹம்மது, முகமது என எழுத்து வேறுபாடுகளோ பல. இவற்றுள் ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றின் கீழ் ‘இதனைக் காண்க’ என வழிகாட்டினால் போதும். ஒன்றைத் தேர்வது மற்றவற்றைப் பிழை என்பதன்று. கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாவா என்னும் நெடுநாள் வழக்குக்கும் இங்கே வேலையில்லை. இருசாராரும் ஒரே நூலை வந்தடைவர்.

இலக்கிய வகைகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகியவை நம் புலவர் தமிழுக்கு அளித்த கொடைகள். வினா விடையாய் அமைந்த ‘ஆயிரம் மசலா’ 1572ஆம் ஆண்டினது. இவையனைத்தையும் ‘சிற்றிலக்கியம்’ என ஒரே மூட்டையாய்க் கட்டிவிட்டால், மசலாவைத் தேடுபவர் மூட்டை முழுவதையும் அவிழ்க்க வேண்டும். ‘மசலா’ என்று மட்டும் எழுதி விளக்கம் தராமல் விட்டாலோ, அறியாதவர் அதனைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிடுவார்! அறபுத்தமிழ் நூல்களை எழுத்தை மட்டும் நோக்கி அரபு நூல்களோடு சேர்ப்பதும் இத்தகைய பிழையே.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துக என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிரி என்பது. சொற்பட்டியும் அவ்வாறே வளர வேண்டும். 1876இல் மெல்வில் டூயி வகுத்த பகுப்புமுறையில் 297ஆம் எண் நமது மார்க்கத்திற்கு உரியது. தொடக்கப் பதிப்புகள் அதனை நபிகளாரின் பெயரால் வழங்கின. பின்னரே ‘இஸ்லாம்’ என்னும் உரிய பெயர் ஏறியது. பெயரைத் திருத்தும்போது பழம்பெயரை அழித்துவிடலாகாது. அதையும் வழிகாட்டியாக நிறுத்த வேண்டும். பழைய நூல்களைப் பழம்பெயரால் தேடுவோர் என்றும் இருப்பர்.

இது நூலகருக்கு மட்டும் உரிய பணியன்று. நம் பாட்டிமார் ஒரு நூலை எப்பெயரால் அழைத்தனர் என்பதை நம் இல்லங்களே அறியும். பெட்டகத்திலுள்ள பழைய ஏடு ஒன்றை நூலகத்திற்குக் கொடுக்கும்போது, வீட்டில் வழங்கிய அப்பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போமாக. நூலைக் கொடுத்துப் பெயரை மறைத்தால், அது அலமாரியில் இருந்தும் இல்லாததாகும்.