மார்வாரியும் பெலருசியமும்: பேச்சும் பதிவும்

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் தாய்மொழி மார்வாரி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 78 லட்சம் பேர். ராஜஸ்தானி என்று பொதுப்பெயரில் சொன்னவர்கள் இன்னும் 2 கோடி 58 லட்சம். இந்த இரண்டு தொகையையும் அரசு ஏடுகள் இந்திக் கணக்கில் சேர்த்துவிட்டன. பெலருஸ் நாட்டின் 2019 கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறு. அங்கே 54 விழுக்காட்டினர் பெலருசியமே தங்கள் தாய்மொழி என்றார்கள். வீட்டில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் 26 விழுக்காட்டினர்தான். ஜோத்பூர் பக்கத்துக் கிராமத்தான் நாள்முழுதும் பேசும் மொழிக்கு ஏட்டில் இடமில்லை. மின்ஸ்க் நகரத்தான் ஏட்டில் எழுதித்தரும் மொழியை அவன் பிள்ளை வீட்டில் கேட்பதே அரிது. அறிஞர்கள் அருகருகே வைத்துப் பார்க்காத இந்த இரு மொழிகளையும் சேர்த்துப் படிக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை. பகலைக் குறிக்கும் மார்வாரியின் 'தின்', பெலருசியத்தின் 'ஜென்' போன்ற சொற்களில் தொல்லுறவு இன்னும் தெரிகிறது. ஆனால் அகராதி ஒற்றுமைகளைத் தேடிப் பட்டியலிடுவதில் பெரிய பயன் இல்லை. இலக்கணத்தில்தான் சுவையான செய்தி இருக்கிறது. தமிழில் 'வந்தேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். மார்வாரியில் ஆண் 'ஆயோ' என்பான், பெண் 'ஆயீ' என்பாள். பெலருசியத்திலும் தன்மை இறந்தகாலம் இப்படியே பால் காட்டும்: ஆணுக்குப் 'பிரிய்ஷோவ்', பெண்ணுக்குப் 'பிரிய்ஷ்லா'. இரு மொழிகளும் பழைய வினைமுற்றுகளைக் கைவிட்டு, பெயரடைபோல் பால் ஏற்கும் எச்ச வடிவங்களை முற்றாக்கிக்கொண்டதன் விளைவு இது. ஒன்றையொன்று அறியாமல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இது நடந்திருக்கிறது.

மார்வாரி இந்தியின் கிளைமொழிதான் என்ற வாதத்துக்கு விடை அதன் ஒலியிலேயே இருக்கிறது. பொது இந்தியில் இல்லாத ளகரம் இதில் உண்டு. காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் மெய்கள் உண்டு. அவை சிந்தி மொழிக்கும் உரியவை. கேட்பவரையும் சேர்த்து 'ஆபாங்', அவரை விலக்கி 'ம்ஹே' என்று நம்முடைய நாம், நாங்கள் போலவே பிரித்துச் சொல்லும் வழக்கும் உண்டு. இந்திக்கு இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். இத்தாலிய அறிஞர் லூய்ஜி பியோ தெஸ்ஸித்தோரி 1914 முதல் 1916 வரை வெளியிட்ட இலக்கணக் குறிப்புகள், மார்வாரியும் குஜராத்தியும் பழைய மேற்கு ராஜஸ்தானி என்ற ஒரே மொழியிலிருந்து பிரிந்தவை என்று காட்டின. சாரணர் குலப் புலவர்கள் டிங்கல் என்ற இலக்கிய நடையில் எழுதிவைத்த சுவடிகளைத் தேடி அவர் பாலைவன ஊர்களில் அலைந்தார். 1919இல் பிகானேரில் இறந்தபோது வயது 31. இந்தத் துறையில் அவருக்கு நிகரான உழைப்பை அதன்பின் சீதாராம் லாளஸிடம்தான் காண்கிறேன். அவருடைய ராஜஸ்தானி சபத் கோஸ் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டிய பேரகராதி.

பெலருசியத்துக்கு அரச வாழ்வு முன்பே கிடைத்திருந்தது. பிரான்சிஸ்க் ஸ்கரினா 1517இல் பிராகா நகரில் சங்கீத நூலை அச்சிட்டார். அதன் மொழி திருச்சபை ஸ்லாவியம் என்றாலும் பெலருசிய அச்சு வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. லித்துவேனியப் பெருங்கோமகம் 1588இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு இம்மொழியின் பழைய எழுத்துவடிவில் அமைந்தது. 1696இல் அலுவலகங்களில் போலிஷ் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு வந்த ரஷ்யப் பேரரசு இதை ரஷ்யத்தின் நாட்டுப்புறப் பேச்சு என்றது. இவான் நஸோவிச்சின் 1870 அகராதி அந்தப் பேச்சிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டிக் கொடுத்தது. 1903இல் யெஃபீம் கார்ஸ்கி பெலருசியம் பேசப்படும் நிலப்பரப்பின் வரைபடத்தை வெளியிட்டார். 1908இல் பிரித்தானிய இந்தியாவின் மொழியறிஞர் கிரியர்சனின் இந்திய மொழியாய்வுத் தொகுதி ராஜஸ்தானிக்குத் தனி இடம் கொடுத்தது. ஐந்தாண்டு இடைவெளியில் இரு பேரரசுகளின் அறிஞர்கள், அரசுகள் ஏற்காத எல்லைகளை வரைந்தார்கள்.

அதன்பின் பாதைகள் பிரிகின்றன. பிரனிஸ்லாவ் தராஷ்கேவிச்சின் 1918 இலக்கணம் எழுத்தை நிலைப்படுத்தியது. எடுத்துக்காட்டாக, குடிக்கும் பாலுக்கு ரஷ்யர் 'மொலோகோ' என்று எழுதி வேறாக ஒலிப்பார்கள். பெலருசியர் ஒலிப்பதையே எழுதி 'மலாகோ' என்பார்கள். 1920களில் பள்ளிகளும் நூல்களும் பெருகின. 1933 சீர்திருத்தம் எழுத்திலக்கணத்தை ரஷ்யத்தை நோக்கித் திருப்பியது. 1937 அக்டோபர் 29 இரவு மின்ஸ்க் சிறையில் கவிஞர்களும் அறிஞர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு தராஷ்கேவிச்சும் கொல்லப்பட்டார். இந்த மொழியின் இன்றைய மெலிவைப் பேசும் எவரும் நகரமயத்தையும் ரஷ்யத் தொலைக்காட்சியையும் மட்டும் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. எழுதுபவர்களின் ஒரு தலைமுறையே அழிக்கப்பட்ட மொழி இது. 1990இல் அது ஒரே அரசமொழி ஆனது. 1995 வாக்கெடுப்பு ரஷ்யத்தையும் அருகில் உட்காரவைத்தது.

மார்வாரிக்கு அத்தகைய வன்கொடுமை நேரவில்லை, கிடைத்தது புறக்கணிப்பு. பொருந்தா கிராமத்தில் எழுத்தாளர் விஜய்தான் தேதாவும் கோமல் கோத்தாரியும் 1960இல் ரூபாயன் நிறுவனத்தைத் தொடங்கி, கதைகளையும் பாடல்களையும் சேகரித்தார்கள். தேதாவின் 'பாதாங் ரீ ஃபுல்வாடீ' பதினான்கு தொகுதிகள். சாகித்ய அகாதெமி 1974இல் ராஜஸ்தானிக்கான முதல் விருதை அவருக்கே கொடுத்தது. ராஜஸ்தான் சட்டமன்றம் 2003இல் ராஜஸ்தானியை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தக் கிளைமொழி பொதுவடிவம் ஆவது என்ற கேள்வியை எதிர்ப்பாளர்கள் தடையாகக் காட்டுகிறார்கள். பெலருசியமும் அந்தக் கேள்வியோடுதான் இலக்கணம் கண்டது.

அண்மைக்கால ஆய்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது டிராசியாங்கா பற்றியது. வைக்கோல் கலந்த புல் தீவனத்தின் பெயரால் ஏளனமாக அழைக்கப்படும் ரஷ்ய-பெலருசியக் கலப்புப் பேச்சு அது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கெர்ட் ஹென்ட்ஷலும் குழுவினரும் அதைப் பதிவுசெய்து, கலப்பிலும் ஒழுங்கு உண்டா என்று ஆராய்ந்தார்கள். ஜோத்பூர் கடைவீதிகளில் இந்தி கலந்து ஓடும் மார்வாரிக்கும் அதே பொறுமை தேவை. தூய வடிவத்தைத் தேடும் ஆய்வாளர்கள் அந்தப் பேச்சைக் கறை என்று ஒதுக்கினால், இன்று அந்த மொழியோடு வாழ்பவர்களில் பெரும்பகுதியினர் பேசுவதையே ஒதுக்கியவர்கள் ஆவார்கள்.