அச்சத்திற்கு அளவுகோல் எது?
பேய்ப்படத் தரவரிசை குறித்து ஒரு திறனாய்வு

திரைப்படத்தைப்பற்றி நம் பிரசங்க பீடங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் எச்சரிக்கையாகவே அமைகின்றது. பேய்ப்படம் என்றாலோ, எச்சரிக்கைக்கும் தகுதியற்றது என ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் நாம் ஒதுக்கியதை நம் சபை வாலிபர் ஒதுக்கவில்லை. எப்படம் முதலாவது, எப்படம் பத்தாவது என்று அவர்கள் ஓயாது வழக்காடுகின்றனர்; பட்டியல் வகுக்கின்றனர்; பிறர் வகுத்த பட்டியலை மறுக்கின்றனர். விளையாட்டாகத் தோன்றும் இவ்வழக்கினுள் இறையியலுக்குரிய வினா ஒன்று அடங்கியுள்ளது. மனிதன் எதற்கு அஞ்சுகிறான், அவ்வச்சம் அவனை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே அவ்வினா. அதனை முன்னிறுத்தி, இவ்வழக்கினை ஈண்டு ஆராய முற்படுவோம்.

1. வழக்கின் நிலை

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்தது லைட்ஹவுஸ் குப்பம். கடலுக்குப் போகாத ஒரு நாளில், கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டே அவ்வூர் வாலிபர் சிலர் இவ்வழக்கை நடத்தியதை நாம் கேட்டிருக்கின்றோம். ஒருவர் ‘சந்திரமுகி’யை முதலில் வைத்தார். மற்றொருவர் ‘காஞ்சனா’வுக்கு வாதாடினார். மூன்றாமவர் இரண்டையும் நகைத்துத் தள்ளி, ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தைக் கைப்பேசியில் தனியே பார்த்தவனே பேச வேண்டும் என்றார். அருகிலிருந்த முதியவர் ஒருவரோ, இருட்டில் முகத்துவாரத்தைத் தாண்டிப் படகைச் செலுத்துகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் பயம் தராது என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார்.

இத்தகைய வாதங்களைக் கூர்ந்து நோக்கின், மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன.

முதலாவது, திடுக்கிடல். எத்தனை முறை உடல் நடுங்கியது என்பதே இங்குக் கணக்கு. ஆனால் எதிர்பாராத பேரொலி எவரையும் திடுக்கிடச் செய்யும். அதற்குப் பேயும் வேண்டுவதில்லை. இரண்டாம் முறை பார்க்கையில் இவ்வச்சம் பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, கூட்டம். 2005ஆம் ஆண்டு வெளியான ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது. இவ்வெண்ணிக்கையை மறுப்பார் இலர். எனினும் அக்கூட்டத்தைத் திரட்டியது அச்சமா, நடிகர்பால் கொண்ட அன்பா என்பதை எண்ணிக்கை காட்டாது.

மூன்றாவது, புதுமை. வேறு மொழியிலிருந்து எடுத்தாண்ட படம் முதலிடத்திற்குத் தகாது என்பர். அவ்வாறாயின் நம் பட்டியலில் பல இடங்கள் வெறுமையாகும். ‘யார் நீ?’ (1966) இந்திப் படமான ‘வோ கௌன் தீ?’ (1964) என்பதன் மறுவடிவம். ‘ஜென்ம நட்சத்திரம்’ (1991) ‘தி ஓமன்’ (1976) என்பதன் தழுவல். ‘சிவி’ (2007) தாய்லாந்துப் படமான ‘ஷட்டர்’ (2004) என்பதிலிருந்து வந்தது. ‘சந்திரமுகி’யின் வேர் மலையாளத்து ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). பேய்க்கதை என்றுமே நாடு கடந்தும் மொழி கடந்தும் உலவுவது. உலவியதனால் அது தாழ்ந்துவிடவில்லை.

ஆகவே இம்மூன்றும் பயனற்றவை அல்ல, போதாதவை. அச்சம் எவ்வளவு பெரியது என்று இவை கேட்கின்றன. அஞ்சியவன் என்னவானான் என்று கேட்பதில்லை.

2. திருமறை தரும் அளவுகோல்

திருமறையில் பேயைக் கண்டதாக அலறியவர் யார்? மீனவர்களே. இரவில் எதிர்க்காற்றில் படகு அலைப்புண்டபோது, நீர்மேல் நடந்து வந்த ஆண்டவரைச் சீடர்கள் கண்டு அலறியதை மத்தேயு 14ஆம் அதிகாரம் கூறுகின்றது. நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கு ‘ஆவேசம்’ என்ற சொல்லை ஆளுகின்றது. அவர்கள் அஞ்சியது தங்களைத் தேடிவந்த அன்பரையே. அச்சம், ஆளை அறியவொட்டாமல் கண்ணை மறைக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

லூக்கா 24ஆம் அதிகாரத்தில் இது மீண்டும் நிகழ்கின்றது. உயிர்த்தெழுந்தவரை ஆவி என எண்ணிச் சீடர் கலங்குகின்றனர். அவர் தம் கைகளையும் கால்களையும் காட்டுகின்றார்; உண்பதற்கு ஏதேனும் உண்டோ எனக் கேட்டு மீனை வாங்கி உண்கின்றார். அநீதியாய்க் கொல்லப்பட்டவர் காயங்களோடு திரும்பி வருவதே உலகப் பேய்க்கதைகள் பலவற்றின் கரு. திரும்பி வந்தவர் பழி கேளாமல் சமாதானம் கூறுவதே நற்செய்தியின் தனித்தன்மை.

மூன்றாவதாக, மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த மனிதன். ஊரார் அவனைச் சங்கிலியால் பிணைத்தனர். அவன் ஆடை அணிந்து, தெளிந்த புத்தியோடு அமர்ந்திருந்ததைக் கண்ட பின்னரே அவர்கள் பயந்ததாக மாற்கு எழுதுகின்றார். பிணைக்கப்பட்டவனைவிட விடுவிக்கப்பட்டவன் ஊருக்கு அதிக அச்சம் தந்தான் போலும்.

இவற்றினின்று மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். அஞ்சப்படும் ஆள் யார் என்பதைப் படம் இறுதியில் நமக்கு அறியத் தருகின்றதா? காயம்பட்டவரின் காயத்தை அது என்ன செய்கின்றது? துன்புற்றவர் தெளிந்த மனத்தோடு வீடு திரும்ப அது வழிவிடுகின்றதா?

3. படங்கள் நிறுக்கப்படுகின்றன

‘டிமான்ட்டி காலனி’ (2015) கட்டுக்கோப்பான படம். நண்பர் நால்வரை ஓர் அறைக்குள் அடைத்து, அவர்களது சாவை அவர்களே தொலைக்காட்சியில் காணச் செய்யும் உத்தி தேர்ந்தது. ஆயின் அதன் பெயர் சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள ஓர் இடத்தின் பெயர். அப்பெயருக்குரிய ஜான் டி மான்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வணிகர். தம் உடைமையைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விட்டுச் சென்றவர். அவர் பெயரைச் சுற்றி எழுந்த வதந்தியின்மீதே படம் கட்டப்பட்டுள்ளது. பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளை, மறுத்துப் பேச இயலாத இறந்தோரையும் காக்கவேண்டுமன்றோ?

‘ஈரம்’ (2009) அக்கட்டளையையே கதைப்பொருளாக்கிய படம் எனலாம். அண்டைவீட்டாரின் அவதூறும் கணவனின் ஐயமும் ஒரு பெண்ணைக் கொல்கின்றன. அவளது ஆவி நீரின் வழியே வெளிப்படுகின்றது. குழாயிலும் தரையிலும் மழையிலும் நாம் நாள்தோறும் காணும் நீரே அச்சத்தின் ஊடகமாகின்றது. கொலைக்கு வித்திட்டது நாவே என்பதைப் பார்வையாளர் மறக்கவியலாது. ஆனால் படத்தின் நீதி பழிக்குப் பழி என்பதோடு நின்றுவிடுகின்றது.

‘சந்திரமுகி’யை எளிதில் தள்ளிவிடலாகாது. அதில் அஞ்சப்படுபவள் பேயல்லள், நோயுற்ற பெண். மருத்துவர் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்து அவளை மீட்கின்றார். இறுதியில் அவள் தெளிவுபெற்றுக் கணவனோடு சேர்கின்றாள். நம் மூன்றாம் வினாவுக்கு இப்படம் நன்றாகவே விடை தருகின்றது. ஆயினும் நோயை நோய் என்று பெயரிட்ட பின்னும் அதனைக் காட்சிப்பொருளாக்கி நம்மை மிரளச் செய்கின்றது. வெளியே வருபவர் நினைவில் நிற்பது மிரட்டும் கண்களே. நலம்பெற்ற பெண்ணின் முகம் அன்று.

‘காஞ்சனா’ (2011) நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நினைவூட்டும் கதை. ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டத் திருநங்கை ஒருவர் வாங்கிய நிலத்தை அரசியல் செல்வாக்குடையவன் பறித்து, அவரையும் கொல்கின்றான். சமூகம் விலக்கிவைத்த ஒருவரை நீதி கேட்பவராக நடுவில் நிறுத்தியது அதன் சிறப்பு. முற்பகுதியில் ஆணிடம் தோன்றும் பெண்தன்மையைச் சிரிப்புக்கு விட்டுவிட்டு, பிற்பகுதியில் திருநங்கையின் துயருக்குக் கண்ணீர் கேட்பது அதன் குறை.

வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய ‘தி எக்சார்சிஸ்ட்’ (1973) உலகெங்கும் இரசிகர் வகுக்கும் பட்டியல்களில் முதலிடத்தையோ அதனை அடுத்த இடங்களையோ பெறுவது. ஆஸ்கார் விருதுகளுக்குப் பத்துப் பிரிவுகளில் முன்மொழியப்பட்டு இரண்டைப் பெற்றது. பலர் நினைவில் வைத்திருப்பது சிறுமியின் தலை சுழலும் காட்சியை. ஆனால் படத்தின் நடுநரம்பு வேறு. மருத்துவச் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு தோற்ற பின்னரே குருக்கள் அழைக்கப்படுகின்றனர். இளைய குருவானவர் மனநல மருத்துவரும் ஆவார், விசுவாசம் தளர்ந்தவர். அவரே இறுதியில் சிறுமியைப் பிடித்த தீமையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு மடிகின்றார். பிறருக்காகத் தன்னை ஈதல் என்னும் கருத்தை இவ்வளவு கடுமையாகச் சொன்ன படம் வணிகத் திரையுலகில் அரிது.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) நம் கருத்தில் முதலிடத்திற்குரியது. விபத்தில் அடிபட்ட பெண் ஒருத்தி, தன்னை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற இளைஞனின் கையைப் பற்றியபடியே உயிர் விடுகின்றாள். பின்னர் அவன் வீட்டில் அவளது ஆவி உலவுகின்றது. அவன் அஞ்சுகின்றான், விரட்ட முயல்கின்றான். அது தன்னையும் தன் தாயையும் காக்க வந்தது என்பதை மெல்ல உணர்கின்றான். அவளை மோதியவனைத் தேடிப் புறப்பட்டவன், மோதியவன் தானே என்ற உண்மையில் வந்து முடிகின்றான். ஏரியின்மேல் சீடர்க்கு நேர்ந்ததே இங்கும் நேர்கின்றது: அஞ்சி விரட்டப்பட்டது அன்பாயிருந்தது. நம் முதலிரண்டு வினாக்களுக்கும் இதனினும் நிறைவான விடையைத் தமிழ்த் திரையில் நாம் கண்டதில்லை.

எனவே நம் வரிசை: ‘பிசாசு’, ‘தி எக்சார்சிஸ்ட்’, ‘ஈரம்’, ‘சந்திரமுகி’, ‘காஞ்சனா’, ‘டிமான்ட்டி காலனி’.

4. இரு மறுப்புகள்

இது கலையை மறந்த வரிசை என இரசிகர் கூறலாம். அப்படியன்று. ‘எக்சார்சிஸ்ட்’ படத்தின் நீண்ட மருத்துவக் காட்சிகள் இல்லையேல் அதன் முடிவு நம்பத்தக்கதாயிராது. ‘பிசாசு’ படத்தில் அச்சம் இரக்கமாக மாறுவது வசனத்தினால் அன்று, காட்சியமைப்பினால். உண்மையைத் தாங்குமளவுக்கு வலிமையுள்ள உத்தியே உயர்ந்த உத்தி.

இரண்டாம் மறுப்பு இதனினும் வலியது. நிலம் இழந்தவனிடத்தில் மன்னிக்கும் பேயை உயர்த்துவது ஒடுக்குவோர்க்கு வசதியன்றோ? ஆபேலின் இரத்தம் முறையிட்டது நியாயத்திற்காக அன்றோ? ‘காஞ்சனா’வை முதலில் வைக்கும் மீனவ வாலிபர் இதைக் கேட்பாராயின், அவர் கேள்வியில் நியாயம் உண்டு. நம் விடை இது: ‘பிசாசு’ படத்தில் மன்னிப்பு உண்மையை மூடி மறைக்கவில்லை. குற்றவாளி தன் குற்றத்தை முகத்துக்கு முகம் காண்கின்றான். மன்னிப்பவளும் பாதிக்கப்பட்டவளே, அவளுக்காக வேறெவரும் மன்னிக்கவில்லை. இவ்விரண்டும் இல்லாத மன்னிப்பைப் பிரசங்கிப்போமாயின், ‘காஞ்சனா’ முன்னே செல்வதே முறை.

இம்மறுப்பின் ஆழத்தை அறியப் பழவேற்காட்டின் வரலாறே போதும். லைட்ஹவுஸ் குப்பத்திற்கு எதிர்க்கரையில் ஒல்லாந்தரின் பழைய கல்லறைத் தோட்டம் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. பார்ப்பவரை அலறச் செய்வது அவற்றின் நோக்கமன்று. தன் நாள்களை எண்ணிப் பார்க்கச் செய்வதே. சீர்திருத்த சபையினரான அவ்வொல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் இங்குக் கெல்திரியாக் கோட்டையை நிறுவினர். அதே நூற்றாண்டில் இத்துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வணிகர்க்குக் கல்லில் பெயர் உண்டு, கப்பலேறியோர்க்கு இல்லை. பேய்க்கதைகளில் இறந்தோர் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. பெயர் மறுக்கப்பட்டவரே கதவைத் தட்டுகின்றனர்.

5. ஊழியருக்கு ஒரு சொல்

இவ்வாராய்ச்சி திரையரங்கோடு நிற்பதன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். இது ஒரு சமயத்தாரின் குறை மட்டுமன்று. நோயுற்ற பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று கூட்டத்தின் நடுவே நிறுத்தி அலறவைக்கும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டம் அறிந்ததை மேய்ப்பர் அறியாதிருக்கலாமா? பேய்ப்படங்களைக் கண்டிக்கும் நாம், ஆலயத்தினுள் தரந்தாழ்ந்த பேய்ப்படம் ஒன்றை நடத்துவோமாயின், வாலிபர் நம்மை எவ்வரிசையில் வைப்பர்?

எனவே வாலிபர் கூட்டங்களில் இவ்வழக்கை அடக்காமல் நடக்கவிடுவோம். அவர்கள் தம் பட்டியலைக் கூறட்டும், காரணம் காட்டட்டும். அஞ்சப்பட்டவர் யார், அவர் காயம் என்னவாயிற்று, துன்புற்றவர் வீடு சேர்ந்தாரா என்று மட்டும் நாம் கேட்போம். அவ்வினாக்களோடு படம் பார்க்கப் பழகியவர், தம் தெருவில் ‘பிசாசு பிடித்தவள்’ என்று ஒதுக்கப்பட்டவளையும் வேறு கண்ணோடு பார்ப்பார். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் துணை நிற்பார். ஆவி என்று அஞ்சியோரை ஆண்டவர் விரட்டவுமில்லை, நகைக்கவுமில்லை. அருகில் அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நம் ஊழியத்திற்கும் அதுவே முறையாயிருப்பதாக.